ஆண்டியப்பன் சொன்ன மோட்டார்

அத்தியாயம் ஆறு

மாலை நான்கு மணிக்குச் சிவசாமியை லாக்கப்பிலிருந்து எடுத்துக் குவாலா லிப்பிசுக்குக் கொண்டுபோகிறார்கள். அங்கே கோர்ட்டில் கொலைக் குற்றம் படிக்கப்பட்டு நிரூபணமும் ஆகிவிட்டால், அதற்கு இந்த நாட்டில் ஒரே தண்டனைதான். இப்போது மணி பதினொன்றேகால்.

துப்பறிவாளர் நவமணி மேட்டு லயத்தின் முன்னால் நின்று கைக்கடிகாரத்தின்மேல் சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். புகைமலைத் தோட்டத்தின் மற்ற லயங்களில் பத்து வீடு, பன்னிரண்டு வீடு இருக்கும். இதில் நான்குதான். ஒரே தகரக் கூரையின் கீழ், ஒரே நீளச் சுவரில் வரிசையாக நான்கு கதவுகள். கீழே தேயிலைச் சரிவை மூடியிருந்த பனி இன்னும் விலகவில்லை.

“அண்ணே, இந்த ரோட்டுல எட்டு வருஷம் டிக்கெட் கிழிச்சேன்” என்றான் உதவியாளன் பக்கிரிசாமி. தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, தலையில் துண்டு கட்டியிருந்தான். “வளைவுல வாந்தி எடுக்காத ஆளு ரெண்டே பேருதான். ஒருத்தன் டிரைவரு. இன்னொருத்தன் ஏறும்போதே செத்துப்போனவன்.”

முதல் வீட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு பாஞ்சாலை நின்றிருப்பதை அவன் அப்போதுதான் கண்டான். சிவசாமியின் மனைவி, ஏழு மாத வயிறு. பக்கிரிசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டான்.

நடந்தது இதுதான். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு, லயத்துக்கு மேலே இருக்கும் தண்ணீர்த் தொட்டியருகில், தோட்டத்துப் பெயிண்டர் ஆண்டியப்பன் தலையில் அடிபட்டுக் கிடந்தார். கொழுந்தெடுக்கப் போன வேலாயி அவர் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அவர் வாயிலிருந்து வந்தது ஒரே ஒரு சொல். அதை மூன்று முறை சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

அந்தச் சொல் ‘மோட்டார்’.

மலேசியாவில் மோட்டார் என்றால் மோட்டார் சைக்கிள் என்பது தவழும் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரியும். மேட்டு லயத்தில் இருந்த ஒரே மோட்டார் சிவசாமியின் ஹோண்டா. அன்று காலை அது தொட்டிப் பாதையில் போனதைப் பலர் பார்த்திருந்தார்கள். கியா பார்மில் முட்டைக்கோஸ் ஏற்றப் போனதாகச் சிவசாமி சொன்னான். போதாக்குறைக்கு, அதற்கு முந்தைய வாரம் இருவருக்கும் சண்டை. கண்ணில் பட்டதற்கெல்லாம் எண் எழுதும் பழக்கமுள்ள ஆண்டியப்பன், கேட்காமலேயே ஹோண்டாவின் எண்ணெய்த் தொட்டியில் அழகாக வெள்ளை எண் ஒன்றை எழுதிவிட்டிருந்தார். போலீசுக்கு இதற்குமேல் யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் வேலாயி யோசித்தாள். நான்காவது வீட்டில் தனியாக இருப்பவள். குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாளக் கார்டுக்காரி. வழியில் யாராவது நிறுத்திக் கேட்பார்களோ என்ற பயத்தில் கார்டை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, ஈப்போவுக்குத் தனியாகப் பஸ் ஏறி வந்து நவமணியின் முன்னால் நின்றாள்.

“எம் வாயால உள்ள போன புள்ள. இனிமே இந்த வாயால நான் எப்படி சோறு திங்கிறது?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்காகத்தான் நவமணி மலையேறி வந்திருந்தார்.

பாஞ்சாலையிடம் அவர் சுற்றி வளைக்கவில்லை. சிவசாமியின் மோட்டாரை ஆண்டியப்பன் என்னவென்று சொல்வார் என்று கேட்டார். அவள் நெற்றியைச் சுருக்கினாள். பிறகு மெல்ல நினைவு வந்தது.

“வண்டின்னுதாங்க சொல்வாரு. ‘டிரைவரு, ஒன் வண்டிய மழையில விட்டுட்டியே’ம்பாரு.”

“டிரைவருன்னா?”

“எங்க வூட்டுக்காரரத்தான். மோட்டார் ஓட்டுறதால அப்படிக் கூப்புடுறாருன்னு நெனைச்சுக்குவோம்.”

நவமணி பக்கிரிசாமியைத் திரும்பிப் பார்த்தார். ஆண்டியப்பன் பிறந்தது இந்தப் புகைமலையில். ஐந்து வயதில் தாயோடு கப்பலேறித் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டார். தாம்பரத்தில் மின்சார ரயில் பட்டறையில் பதினெட்டு ஆண்டு பெயிண்டர் வேலை. மலாயாப் பிறப்புப் பத்திரத்தை வைத்துக்கொண்டு 1970-ல் திரும்பி வந்தவர்.

“ஒம்போது வருஷத்துல லோரின்னு சொல்லக் கத்துக்கிட்டாரு. கம்போங், டுயிட்னு மலாய் வார்த்தையெல்லாம் வந்திருச்சு” என்றார் நவமணி. “மோட்டார் மட்டும் வாயில வரல. ஏன்?”

“நாக்குல எடமில்ல போல லா” என்றான் பக்கிரிசாமி.

“விளையாட்டா சொன்னாலும் சரியாத்தான் சொல்றே. அந்த வார்த்தையில அவருக்கு வேற யாரோ முன்னாடியே குடியிருந்திருக்காங்க. தவிர, சிவசாமிய டிரைவருன்னு கூப்புடுறவரு, சாகப்போற நேரத்துல எதுக்குப் பேரை மாத்தணும்?”

அப்போது கீழே சரிவிலிருந்து ஒருவர் இரண்டு வாளித் தண்ணீரோடு மூச்சிரைக்க ஏறி வந்தார். இரண்டாவது வீட்டு ராமையா. களைக்கு மருந்தடிக்கும் கூட்டத்துக்குக் கங்காணி, ஐம்பது வயதிருக்கும். வாளிகளைப் பாஞ்சாலையின் வாசலில் சிந்தாமல் இறக்கி வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் தன் வீட்டுப் பக்கம் போனார். லயத்துக் குழாய் பத்தடி தூரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

மூன்று நாளாகக் கங்காணி மாமாதான் ஊற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து தருகிறார் என்று பாஞ்சாலை சொன்னாள். வயிற்றுப் பிள்ளைக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது என்றாராம். புருஷன் இல்லாத வீட்டுக்குத் துணையாக இருக்கிறார் என்றும் சொன்னாள். சென்ற ஆண்டு அவளுடைய முதல் குழந்தை, இரண்டு வயதுப் பெண், வாந்தியில் தொடங்கி நான்கே நாளில் போய்விட்டிருந்தது. லயமே இந்தப் பிள்ளைக்காகக் காத்திருந்தது.

நவமணி அந்த வாளிகளைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு கைப்பிடிகளிலும் உள்ளங்கை கிழியாமலிருக்கப் பழந்துணி சுற்றியிருந்தது. ஒருநாள் இரண்டு நாளுக்கென்று எடுத்த வேலையாகத் தெரியவில்லை.

வேலாயி தேநீர் போட்டு வைத்திருந்தாள். அவள் வீட்டுச் சுவர்ப் பலகையில் ஒரு கண்ணாடிக் கிளாஸ் தனியே கவிழ்த்து வைத்திருந்தது. ஆண்டியப்பனுடைய கிளாஸ். வேலைக்குப் போகும் வழியில் தினமும் அவர் அதில்தான் குடிப்பார். அதைச் சொல்லிவிட்டு, சொல்ல நினைத்திராத ஒன்றையும் அவள் சொன்னாள். அந்த மனிதர்மேல் அவளுக்கு ஒரு வருத்தம் இருந்தது. ஒன்பது வருஷ வருத்தம்.

“என்னையப் பேரு சொல்லிக் கூப்புட்டதில்லீங்க. கார்டு, கார்டும்பாரு. ‘என்னா கார்டு, பச்ச காட்டியாச்சா, கெளம்பலாமா’ம்பாரு. எங்கிட்ட இருக்கறது சிவப்புக் கார்டு. குடியுரிமை குடுக்கிற நீலக் கார்டுக்குப் பதினோரு வருஷமா எழுதிப் போட்டுக்கிட்டே இருக்கேன். அத வச்சுத்தான் கிண்டல் பண்றாருன்னு உள்ளுக்குள்ள அழுவேன்.”

“இருந்தும் தேத்தண்ணி குடுத்தீங்க.”

“கோவத்துக்குத் தேத்தண்ணிய நிறுத்துறதா? தனியா இருந்த மனுசன்.”

நவமணி கிளாஸைக் கீழே வைத்தார். “அக்கா, அவரு பெட்டி எங்க இருக்கு?”

மூன்றாவது வீடுதான் ஆண்டியப்பனுடையது. கட்டிலுக்கடியில் தகரப் பெட்டி. அதற்குள் துணிகளைவிட அதிகமாக இருந்தவை எழுத்து வெட்டிய தகடுகள். தகட்டைச் சுவரில் வைத்துப் பெயிண்ட் அடித்தால் எழுத்து மட்டும் பதியும். பதினெட்டு ஆண்டுகள் அவர் ரயில் பெட்டிகளுக்கு எண் போட்டது இந்த வகைத் தகடுகளால்தான். அவற்றின் அடியில் ஒரு நோட்டுப் புத்தகம். முதல் பக்கத்தில் மூன்று ஆங்கில எழுத்துகள்: ஒய், ஏ, யூ.

“கட்டிக்கப்போற பொண்ணு பேரா இருக்குமோ?” என்றான் பக்கிரிசாமி.

எழுத்துகளுக்குக் கீழே ஆண்டியப்பனே உருண்டைக் கையெழுத்தில் தமிழில் எழுதி வைத்திருந்தார். ‘ஒய் என்றால் மீட்டர் பாதை. ஏ என்றால் ஏ.சி. கரண்டு. யூ என்றால் பல பெட்டி சேர்ந்து ஒரே வண்டி. இதில் எந்தப் பெட்டியும் தனியாகப் போகாது. அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் வகையும் எண்ணும் போட வேண்டும். எங்கே நின்றாலும் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று தெரியும்.’

அடுத்த பக்கத்தில் நான்கு பெட்டிகள் கொண்ட ஒரு ரயிலின் படம். கூட வந்திருந்த வேலாயியும் சேர்ந்து மூன்று பேரும் அதன்மேல் குனிந்தார்கள். நான்கு பெட்டி. நான்கு கதவு.

“அண்ணே” என்றான் பக்கிரிசாமி மெதுவாக. “மனுசன் லயத்தையே ரயிலா ஓட்டியிருக்காரு. மொத வீடு சிவசாமி, டிரைவரு. கடைசி வீடு...”

“கார்டு” என்றார் நவமணி. “கொடி காட்டுற கார்டு. அடையாளக் கார்டு இல்லக்கா. ரயிலோட கடைசிப் பெட்டியில நின்னு பச்சைக் கொடி காட்டுறவரு. அவரு காட்டாம வண்டி கெளம்பாது. காலையில உங்க தேத்தண்ணி குடிக்காம அவரு கெளம்பினதில்ல பாருங்க, அதுக்குத்தான் பச்சை.”

வேலாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒன்பது வருஷம் தப்பாகக் கேட்டுவிட்ட ஒரு சொல்லை இனி யாரிடம் போய்த் திருத்திக்கொள்வது?

பக்கிரிசாமியின் முகம்தான் முதலில் வெளுத்தது. “அப்போ மோட்டாரு? இன்ஜின் முன்னாடிதான லா இருக்கும். தாப்பா ரோடு ஸ்டேஷன்ல எத்தனை ரயில் பார்த்திருக்கேன். முன்னாடின்னா மொத வீடு. மொத வீடு...”

அவன் முடிக்கவில்லை. வெளியே பாஞ்சாலை விறகு ஒடிக்கும் சத்தம் கேட்டது. கயிற்றை அவிழ்க்க வந்து இன்னொரு முடிச்சுப் போட்டதுபோல் ஆகிவிட்டது. நவமணி கண்ணை மூடிச் சற்று நேரம் இருந்தார். அவருடைய உதடுகள் அசைந்தன. அது கணக்கா பிரார்த்தனையா என்று பக்கிரிசாமி ஒருபோதும் கேட்டதில்லை.

கண்ணைத் திறந்து படத்தை மறுபடி பார்த்தவர் அதைச் சன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார்.

“பக்கிரி, மொதப் பெட்டியில சக்கரத்துக்கு நடுவுல என்ன வரைஞ்சிருக்காரு?”

“ஒண்ணுமில்ல. வெறும் சக்கரம்.”

“ரெண்டாவதுல?”

இரண்டாவது பெட்டியின் சக்கரங்களுக்கு நடுவே கறுப்புக் கட்டைகள் போல ஏதோ வரைந்து நிரப்பியிருந்தது. கூரையின் மேலே மடங்கி உயர்ந்த ஒரு கை, மின்சாரக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது. வேறெந்தப் பெட்டிக்கும் அந்தக் கை இல்லை. கீழே எழுதியிருந்ததை நவமணி வாய்விட்டுப் படித்தார்.

“‘முதல் பெட்டி, டிரைவர் பெட்டி. கைப்பிடி மட்டும், சக்தி இல்லை. இரண்டாவது, மோட்டார் பெட்டி. இழுப்பதும் தள்ளுவதும் இதுவே. மூன்றாவது டிரெய்லர், சும்மா கூட வரும். நான்காவதில் கார்டு.’”

மூன்றாவது பெட்டியின் மேல் பென்சிலால் ‘நான்’ என்று எழுதியிருந்தது.

“நாம பார்த்ததெல்லாம் டீசல் ரயிலு” என்றார் நவமணி. “ இன்ஜின் முன்னால நின்னு இழுக்கும். இதுக்கு இன்ஜினே கிடையாது. மூஞ்சி காட்டுறது ஒரு பெட்டி, வேலை செய்யிறது அதுக்குப் பின்னால இருக்கிற பெட்டி.”

நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. கதவுகளின் மேல் இப்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்றுதான் இருந்தது. முன்பு ஆண்டியப்பன் ஏதேதோ எழுத்துப் போட்டிருந்ததாகவும், ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி வந்து திட்டிச் சுண்ணாம்படித்து அழிக்கச் சொன்னதாகவும் வேலாயி சொன்னாள். பக்கிரிசாமி இரண்டாவது வீட்டு நிலைக்கு மேலே இருபது காசால் சுரண்டினான். சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே செங்காவி நிறத்தில், தகடு வைத்து அடித்த சுத்தமான எழுத்து: ‘எம்’, மோட்டாருக்கான முதலெழுத்து. பக்கத்தில் ஓர் எண்.

கதவு பூட்டியிருக்கவில்லை. நிலையோரம், மருந்தடிக்கும் பம்பும் பழந்துணிச் சுருள் ஒன்றும் இருந்தன.

பக்கிரிசாமிக்கு அன்று முதல்முறையாக வேடிக்கை எதுவும் வரவில்லை. “தண்ணி சுமக்கிற மனுசண்ணே அது.”

“அதேதான். ஏன் சுமக்கிறாரு? குழாய்த் தண்ணியில என்ன இருக்குன்னு அவருக்கு எப்படித் தெரியும்?”

மணி ஒன்றரை. இன்ஸ்பெக்டருக்குப் போன் போடலாம் என்றான் பக்கிரிசாமி. சுண்ணாம்புக்கு அடியில் இருக்கும் ஓர் எழுத்தைக் காட்டி ஒரு மனிதனை விடுவிக்கவும் முடியாது, இன்னொருவனைப் பிடிக்கவும் முடியாது என்றார் நவமணி. அவரிடம் ஆதாரம் என்று இருந்தது வேறு. “துணி சுத்தின அந்த வாளிங்க, பக்கிரி. அதத்தான் நம்புறேன்.”

ஊற்று, சரிவின் அடியில் பெரணிகளுக்கு நடுவே இருந்தது. ராமையா அடுத்த நடைக்கு நிரப்பிக்கொண்டிருந்தார். நிரம்பிய வாளிகளில் ஒன்றை நவமணி தூக்கிக்கொண்டார். இருவரும் பாதி தூரம் ஏறினார்கள்.

“மோட்டாரு” என்றார் நவமணி, ஒருவரைக் கூப்பிடுகிற குரலில்.

ராமையாவின் கால்கள் நின்றுவிட்டன. வாளித் தண்ணீர் தளும்பி அவர் பாதத்தில் ஊற்றியது. அவர் அதைக் கீழே வைக்கவும் இல்லை.

“அவன் மட்டுந்தான் அப்படிக் கூப்புடுவான்” என்றார் கடைசியில். “நாலு பேரு முன்னாடி இல்ல. நாங்க ரெண்டு பேரும் தனியா இருக்கறப்ப. ‘நீ நின்னா இந்த லயமே நின்னுடும் மோட்டாரு’ம்பான்.”

பிறகு அவரே சொன்னார். களை மருந்து டின்களைக் கீழே ஆற்றங்கரை வரை கொண்டுபோய்க் கழுவ வேண்டும் என்பது துரையின் உத்தரவு. முட்டிவலியால் ராமையா ஒரு வருஷத்துக்கு மேலாக அவற்றைத் லயத்துத் தொட்டிக்குத் தண்ணீர் வரும் மேல் ஓடையிலேயே கழுவிவந்தார். திங்கட்கிழமை காலை தொட்டிக்கு எண் எழுத வந்த ஆண்டியப்பன் அதைப் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“‘பாஞ்சாலை பொண்ணு செத்தப்பவும் இங்கதான் கழுவினியா மோட்டாரு’ன்னான். எனக்கு அதுவரைக்கும் அந்த நெனைப்பே வரல சாமி. மாரியம்மா சத்தியமா வரல. கேட்டதும் காது அடைச்சுப்போச்சு. சொல்லாதேன்னு நெஞ்சில கைய வச்சுத் தள்ளினேன். சிமெண்டு விளிம்புல விழுந்துட்டான். ரத்தத்தப் பார்த்து ஓடிட்டேன்.”

அன்று மாலையே தொட்டியைத் திறந்துவிட்டுத் தேய்த்துக் கழுவியிருந்தார். அப்படியும் மனம் ஒப்பவில்லை. அதனால்தான் ஊற்று.

“அவன் என்னையக் காட்டிக் குடுக்கல” என்றார் ராமையா. “வேலாயி அத சொன்னப்பவே தெரிஞ்சுபோச்சு. மூணு தடவை கூப்புட்டிருக்கான். வந்து தூக்குடான்னு கூப்புட்டிருக்கான். ஓடிப்போயி நான் அந்தப் பாறைத் திட்டுக்கு அந்தாண்டதான் நின்னேன். கேட்டுச்சு.”

நவமணி அவர் தோளில் கை வைத்தார். நான்கு மணிக்குச் சிவசாமியைக் கொண்டுபோகும் வண்டி கிளம்பிவிடும் என்று சொன்னார். குழந்தை எதனால் இறந்தது என்று இனி எந்த டாக்டரும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பாஞ்சாலையிடம் அதைச் சொல்லாமலேயே விட்டுவிடலாம் என்றும் சொல்லிப் பார்த்தார். ராமையா மறுத்துத் தலையை ஆட்டினார். இவ்வளவு தூரம் வாளியைச் சுமந்தது வீட்டு வாசலோடு நின்றுவிடவா என்பதுபோல் இருந்தது அந்த ஆட்டல்.

வாளிகளைப் பாஞ்சாலையின் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, எல்லாவற்றையும் அவரே அவளிடம் சொன்னார். ஓடையைச் சொன்னார், டின்களைச் சொன்னார், பெண் குழந்தையைப் பற்றி ஆண்டியப்பன் கேட்டதையும் சொன்னார். நடுவில் எங்கும் முட்டிவலியைச் சொல்லவில்லை. பாஞ்சாலை கதவு நிலையைப் பிடித்திருந்தாள். அவள் விரல்கள் மட்டும் நிறம் மாறின. வேலாயி ஓடிவந்து அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

மணி இரண்டரை. பக்கிரிசாமி தோட்டத்து லேண்ட் ரோவரை வாசலுக்குக் கொண்டுவந்திருந்தான். ராமையா முன்சீட்டில் ஏறிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். போலீஸ் ஸ்டேஷன் இருபது நிமிஷத் தூரம்; நேரம் இருந்தது. சிவசாமி இன்று ராத்திரி வீட்டுச் சோறு சாப்பிடுவான்.

இந்தத் தண்ணீரை இனி அந்தப் பெண் எப்படித் தொடுவாள் என்று நினைத்து, பக்கிரிசாமி ஒரு வாளியைத் தூக்கிச் சாக்கடைப் பக்கம் சாய்க்கப் போனான்.

“கொட்டாதீங்கண்ணே” என்றாள் பாஞ்சாலை.

அவள் வண்டியைப் பார்க்கவில்லை. குனிய முடியாத வயிற்றோடு குனிந்து, துணி சுற்றிய கைப்பிடியைப் பிடித்தாள்.

“வயித்துல ஒண்ணு இருக்கு. அதுக்கு நல்ல தண்ணி வேணும்.”

வேலாயி மற்ற வாளியை எடுத்துக்கொண்டாள். இருவரும் உள்ளே போனார்கள்.